வழி சொல்லத் தெரியாதவர்

அவருடைய பெயரை ஒருமுறை ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். இங்கே இன்னொரு முறை எழுத விருப்பமில்லை.

அவரிடம் யாராவது வழி கேட்டால் சொல்லமாட்டார், கூடவே வந்துவிடுவார். நேராகப் போய் இடது பக்கம் திரும்பு, மூன்றாவது சந்து, பச்சை கேட் என்றெல்லாம் அவருக்குச் சொல்ல வராது. "வா, இட்னு போறேன்" என்பார். கூட்டிக்கொண்டு போகிறேன் என்பதை அப்படித்தான் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் நாலடி முன்னால் போயிருப்பார். கேட்டவர்தான் பின்னால் ஓட வேண்டும்.

நான் அப்போது தியாகராய நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பூங்கா, நடைபாதை, ஏரிக்கரை இவற்றுக்கெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம். மொத்தம் ஏழு பேர். அந்த வருஷம் எங்களுக்கு வந்த வேலை, பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து கிண்டிக் காட்டின் விளிம்பு வரைக்கும் ஜனங்கள் நடந்து போக ஒரு பாதை. வண்டிச் சத்தம் இல்லாமல், முடிந்தவரை ஆற்றை ஒட்டி, மரநிழலில். கடலில் கால் நனைத்துவிட்டுக் கிளம்புகிறவர் ஒன்றரை மணி நேரத்தில் மான் நிற்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று எங்கள் சார் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். அவர் கெட்டவர் இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரில் பார்த்தால் வழி சுலபமாகத்தான் தெரிந்தது. நேரில் போனால் பாதிச் சந்துகள் சுவரில் முட்டி நின்றன. ஒரு பங்குனி மாத மத்தியானம், அடையாறு காந்தி நகருக்குப் பின்னால் அப்படி ஒரு சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு இருப்பது நாற்றத்தில் தெரிந்தது. போக வழி தெரியவில்லை. அந்த வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கறுத்த, ஒல்லியான உடம்பு. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார்.

"அக்கா, இங்கேர்ந்து கோட்டூர்புரம் பக்கம் நடந்து போக வழி இருக்கா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் அளவு நாடா, தலையில் தொப்பி, தோளில் பை.

"கீது. வா, இட்னு போறேன்."

"சொன்னா போதுங்க்கா, நானே போயிடுவேன்."

"சொன்னா இன்னா புரியும்? வா."

டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் இரண்டு காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே, ஒருவர் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. நான் அதைத் தாண்டி இரண்டு முறை போயிருக்கிறேன், கண்ணில் படவில்லை. அதில் நுழைந்தால் ஆற்றங்கரை. கரையோரம் ஷீட் போட்ட வீடுகள், வாசலில் தண்ணீர் டிரம்கள், கயிற்றில் துணி. "இதான் எங்க வூடு" என்று ஒரு நீலக் கதவைத் தாண்டும்போது சொன்னார், நிற்கவில்லை. அப்புறம் கரை மேட்டிலேயே நடை. புங்கமரங்கள். ஓர் ஒற்றையடிப் பாதை சாலையில் ஏறியது. சாலையைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், கடந்ததும் விட்டார். கோட்டூர்புரம் வந்துவிட்டது என்று நான் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. இன்னும் இரண்டு தெரு போய், ஒரு நீளமான மதிலின் முன்னால் நின்றார். மதிலுக்கு மேலே மரங்கள் வெளியே சாய்ந்திருந்தன.

"காடு" என்றார். "உள்ள மான் கீது. கொஞ்ச நேரம் நின்னா தெரியும்."

இரண்டு மாதமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த பாதையின் கஷ்டமான பாதியை அவர் நாற்பது நிமிஷத்தில் எனக்குக் காட்டிவிட்டார்.

மீதியும் அவரிடம்தான் இருந்தது. காலையில் பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கத்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பெருக்குவார். மத்தியானம் காட்டு மதிலை ஒட்டியிருந்த ஒரு மாணவர் விடுதியில் பாத்திரம் கழுவுவார். வீடு இரண்டுக்கும் நடுவில், ஆற்றங்கரையில். கடலுக்கும் காட்டுக்கும் இடையே இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் நடந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறினால் அவருக்கு வாந்தி. ஆட்டோவிலும் அப்படித்தான். "வண்டில குந்துனா கொடலே வெளிய வந்துரும் கண்ணு" என்றார். மகனுக்கு வடபழனி கோவிலில் கல்யாணம் நடந்தபோது உறவுக்காரர்கள் எல்லாம் வேனில் போக, மாப்பிள்ளையின் அம்மா விடிகாலையில் கிளம்பிப் பட்டுப்புடவையோடு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

மறுநாளே சாரிடம் சொன்னேன். அவரை எங்களுக்கு வழிகாட்டியாக வைத்துக்கொண்டோம். அவர் வேலைக்குப் போகும் நேரத்திலேயே நான் கூட நடக்கவேண்டும், அவ்வளவுதான். ஆறு வாரம் நடந்தேன். அவர் முன்னால், நான் அளந்துகொண்டே பின்னால்.

நடக்கும்போது அவர் அதிகம் பேசமாட்டார். யாராவது வழி கேட்டுவிட்டால் எங்கள் வேலை அன்றைக்கு நின்றுவிடும். கூரியர் பையன், வாடகைக்கு வீடு பார்க்க வந்த புதுத் தம்பதி, நாய்க்கு ஊசி போட இடம் தேடியவர், எல்லாருக்கும் "வா, இட்னு போறேன்"தான். ஒருமுறை அடையாறு சிக்னலில் ஒரு பெரியவர் பாரிமுனைக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார். இவருக்கு மயிலாப்பூர் குளத்துக்கு அப்பால் வழி தெரியாது. அந்த மனிதரைக் குளம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய், அங்கே ஒரு பூக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார். பெரியவர் பாதி வழியில், "பஸ்ல போயிடட்டுமாம்மா?" என்று கெஞ்சினாராம். அன்றைக்கு விடுதிக்கு இரண்டு மணி நேரம் தாமதம். விடுதிச் சமையல்காரர் இந்தக் கதையை என்னிடம் சொல்லும்போது சிரித்தார். மதுரைப் பக்கத்து ஆள். நான் மதிலோரம் அளக்கும் நாட்களில் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுப்பார்.

"அந்தம்மாவ ஒண்ணும் பண்ண முடியாதும்மா. யாரு கூப்பிட்டாலும் போயிரும்" என்றார்.

இன்னொரு கதையை அவர் சிரிக்காமல் சொன்னார். ஆற்றங்கரையில் இவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம். அந்த வீட்டு ஆள் ஏதோ அடிதடி வழக்கில் ஒளிந்திருந்தான். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வந்து, அவன் பெயரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டார். கரையில் அத்தனை பேரும் தெரியாது என்றார்கள். இவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். இவரிடமும் கேட்டார். இவர் அழைத்துப்போய்க் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் மனைவி அதற்குப் பிறகு ஒரு வருஷம் இவரோடு பேசவில்லை.

இது உண்மையா என்று அந்த அக்காவிடமே கேட்டேன். கரை மேட்டில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"ஆமா" என்றார்.

"போலீஸ்னு தெரியாதா அக்கா?"

"தெரிஞ்சிது. ஷூ போட்டுக்கினு இருந்தான்."

"அப்புறம் ஏன்?"

வாரை இழுத்துப் பார்த்தார். "கேட்டான். தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. தெரிஞ்சத எப்டி தெரியாதுன்றது?" செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "அவன் புள்ளைங்க அன்னிக்கி அழுதுச்சுங்க. ரெண்டு நாள் நான் சோறு துண்ணல" என்றார்.

அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இருந்தது. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் செய்வார் என்பதும் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. எதற்கு என்று அன்றைக்குப் புரியவில்லை.

வரைபடம் தயாரானது. சுவர் வரும் இடங்களுக்கு எல்லாம் ஏதோ ஒரு வழி கிடைத்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிடைக்கவில்லை. பாதைக்கு ஆறு மீட்டர் அகலம் வேண்டும். ஆற்றங்கரையில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர். நடுவில் நாற்பது சொச்சம் வீடுகள். வரைபடத்தில் அவை சாம்பல் நிறக் கட்டங்கள். சார் அந்தக் கட்டங்களின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "வெள்ளம் வர்ற இடம். எப்படியும் ஒரு நாள் எடுக்கத்தான் போறாங்க" என்றார். எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள் வீடுகளின் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் பெயர், எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்.

"உன்னை அங்கே எல்லாருக்கும் தெரியும். நீயே போய் எடுத்துட்டு வந்துரு" என்றார்.

பட்டியல் எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எங்கள் ஏழு பேரில் இன்னொருவர் போயிருப்பார். அதை வைத்துத்தான் அன்றைக்கு என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அவர் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். எல்லா வீட்டிலும் பெயர் எழுத வேண்டும் அக்கா என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வா, இட்னு போறேன்."

ஒவ்வொரு கதவாகக் கூட்டிப்போனார். தெரியாத ஆள் கையில் தாளோடு வந்து பெயர் கேட்டால் அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். இவர் முன்னால் நின்று, "நம்ம பொண்ணுதான். கேக்கறத சொல்லு" என்றார். சொன்னார்கள். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். போலீஸ் பிடித்துப்போனவன் வீட்டில் அவன் மனைவி கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "இது எதுக்கு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "ரோடு போடறாங்க, நடக்கறதுக்கு. அத்தாண்டி கேக்கறாங்க" என்று இவர் சொன்னார். அவளும் சொன்னாள். ஐந்து பேர், பதினெட்டு வருஷம்.

கடைசியில் நீலக் கதவு. அவர் பெயரை எழுதினேன். மகன், மருமகள், ஒரு பேரக் குழந்தை.

அப்போதுதான் அவரும் கேட்டார். "இது இன்னாத்துக்கு கண்ணு?"

"கணக்கெடுப்புதான் அக்கா."

"சரி" என்று மீனைக் கழுவ உட்கார்ந்துவிட்டார்.

நோட்டீஸ் ஒட்ட எட்டு மாதம் ஆனது. அதற்குள் நான் வேறு வேலைகளில் இருந்தேன். வேலை வேலையாகவே போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்குள் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

வீடுகளை எடுத்த அன்று போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கரைக்கு மேலே சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றேன். லாரிகள் வரிசையாக நின்றன. பீரோ, கேஸ் அடுப்பு, சுருட்டிய பாய்கள், மீன் தொட்டி ஒன்று தண்ணீரோடு. சத்தம் அதிகம் இல்லை. முந்தின நாளே அழுது முடித்துவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

அந்த அக்கா ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது லாரிக்குப் போனார். மேலே இருந்து ஒரு பெண், கதவைப் பாதி சாத்திக்கொண்டு கேள்வி கேட்ட அதே பெண், கையால் தடுத்தாள்.

"இதுல ஏறாத."

"ஏண்டி?"

"போலீஸையும் நீதான் இட்னு வந்த. இவங்களையும் நீதான் இட்னு வந்த. வேற வண்டில வா."

அவர் மூட்டையோடு திரும்பினார். அடுத்த லாரியிலும் யாரும் கை கொடுக்கவில்லை. கடைசி லாரியில் அவருடைய மகன் தூக்கி ஏற்றினான். பின்பக்கக் கதவை ஒட்டி உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார், வாந்திக்கு. லாரி மேலேறிச் சாலைக்கு வந்தபோது என்னைப் பார்த்தார். சாலையில் நிற்கும் எத்தனையோ பேரில் ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் கையைத் தூக்கவில்லை. லாரி கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே அவர் குனிந்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து குளித்தேன். அம்மா ஏதோ கேட்டாள், பதில் சொன்னேன்.

அந்தப் பாதை வரவில்லை. வீடுகளை இடித்த இடத்தைத் தகர ஷீட் போட்டு மறைத்தார்கள். அப்புறம் திட்டத்தில் ஏதோ மாற்றம் என்றார்கள். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. மழை வந்தது. ஷீட்டுக்குப் பின்னால் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. சார் அந்த வரைபடத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்தார். சில மாதங்களில் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். பெரிய முடிவு எல்லாம் இல்லை. வடபழனியில் டைல்ஸ் கம்பெனி ஒன்றில் கொஞ்சம் அதிகச் சம்பளம்.

ஒன்றரை வருஷம் கழித்து, வேறு காரியமாக அந்தக் காட்டு மதில் பக்கம் போனபோது விடுதிச் சமையல்காரரைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார். சோழிங்கநல்லூரைத் தாண்டி எட்டு மாடிக் கட்டடங்களில் ஆற்றங்கரைக்காரர்களுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். அந்த அக்கா அங்கிருந்து இரண்டு மாதம் பஸ்ஸில் வேலைக்கு வந்து பார்த்தாராம்.

"தினம் வாந்தி எடுத்துட்டு வந்து, ஒரு மணி நேரம் சுருண்டு படுத்துட்டுத்தான் பாத்திரத்துல கை வைக்கும். நானே வேணாம்மான்னு சொல்லிட்டேன்" என்றார். மகனுடைய போன் நம்பர் கொடுத்தார்.

மகனிடம் முகவரி வாங்கிக்கொண்டு போனேன். எல்லாக் கட்டடங்களும் ஒரே மாதிரி இருந்தன. கேட்டவர்கள் தலையை அசைத்து அந்தப் பக்கம் என்றார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்தாவது மாடி. கதவு திறந்திருந்தது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முகம் உப்பியிருந்தது. கால்களும் வீங்கியிருந்தன.

"வா கண்ணு" என்றார். "இன்னா, எளச்சிட்ட."

டீ போட எழுந்தவரைத் தடுத்தேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். எதிர்வீட்டு வாசலில் அந்தப் பெண், லாரியில் ஏறவிடாத பெண், துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. குலுக்கல் முறையில் கொடுத்த வீடுகள். அவளுக்கு எதிரே இவருக்கு விழுந்திருந்தது.

"இங்க நடக்கறது இல்லையா அக்கா?"

"எங்க நடக்கறது? இங்க எந்த ரோடும் எங்கயும் போவல. சுத்திச் சுத்தி இன்னொரு பில்டிங்காண்டதான் போய் நிக்கிது."

அதைக் கேட்ட பிறகு, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். பேருந்தில் வரும்போது பல விதமாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரு வரிதான். "அக்கா, அந்த லிஸ்ட் நான்தான் எழுதினேன்."

"தெரியும். என் முன்னாடிதான எழுதுன."

"எதுக்குன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

கீரைத் தண்டை ஒடித்து முறத்தில் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

"அதுவும் தெரிஞ்சிது. அப்பால" என்றார்.

அவர் திட்டியிருக்கலாம். எதிர்வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல இவரும் செய்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கீரை ஆய்ந்தோம். அப்புறம் அவர் கேட்டார்.

"பாதை போட்டாங்களா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தகர ஷீட்டைச் சொல்லியிருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரியின் முதுகு தெரிந்தது.

"போட்டாங்க அக்கா."

"நடக்கறாங்களா?"

"காலையில நெறைய பேர் நடக்கறாங்க."

"எங்க வூடு இருந்த எடத்துல இன்னா வச்சிக்கிறாங்க?"

"ஒரு பெஞ்சு போட்டிருக்காங்க. பக்கத்துல வேப்பமரம் ரெண்டு. கரையில வேலி, மூங்கில்ல. ராத்திரிக்கு விளக்கு." நான் சொல்லிக்கொண்டே போனேன். அலமாரிக்கு மேல் சுருட்டிக் கிடக்கும் வரைபடம் எனக்கு மனப்பாடம். ஒரு மரம் விடாமல் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எதிர்வீட்டில் துணி மடிப்பது நின்றிருந்தது.

"ஒரு நாளிக்கி என்ன இட்னு போறியா?" என்றார்.

"பஸ்ல வரணுமே அக்கா."

"வாந்திதான? வந்தா வரட்டும். பை எட்துக்கறேன். போய்ப் பாத்துட்டா போதும்."

"சரிக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை வரேன்."

"காலைலயே வா. வெயிலுக்கு முந்தி."

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. மாம்பலத்தில் வீட்டிலேயே இருந்தேன். அம்மாவோடு காய்கறி வாங்கப் போனேன். திரும்பி வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலைவலி இல்லை. போன் ஒருமுறை அடித்தது. அவருடைய மகனின் நம்பர். அடித்து முடியும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பிறகு போவதற்கு முகம் இல்லை என்று ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து விடுதிக்குப் போனேன். அவரைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. சமையல்காரராகவே சொன்னார்.

"அந்தம்மா வந்திருந்துச்சும்மா. ஒரு ஞாயித்துக்கிழமை. நீ வரேன்னு சொன்னியாமே? ஒம்போது மணி வரைக்கும் கீழ வந்து நின்னு பார்த்துட்டு, தனியா பஸ் ஏறி வந்துருச்சு. அடையாறுல எறங்கி, அங்கேர்ந்து இங்க வரைக்கும் பழையபடி நடந்தே வந்திருக்கு."

நான் விடுதிப் படியில் உட்கார்ந்தேன்.

"பாதை போட்டிருக்காங்களாம்ல? ரொம்ப நல்லா போட்டிருக்காங்கன்னு சொல்லுச்சு. இவங்க வீடு இருந்த எடத்துல பெஞ்சு, வேப்பமரம். கொஞ்ச நேரம் அந்த பெஞ்சுல உக்காந்துட்டு வந்தேன்னு சொல்லுச்சு."

"அப்படியா" என்றேன்.

"போன வாரம் போன் பண்ணுச்சு. எதிர்வீட்டுப் பொண்ணுகிட்ட போய் எல்லாத்தையும் சொன்னுச்சாம். இத்தனை பேர் நடக்கறாங்க, நம்ம எடம் வீணாப் போகலன்னு. இப்ப அவ பேசறாளாம். சாயங்காலமானா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துக்கறாங்களாம்."

அவர் டம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். உப்பு போட்டிருந்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல" என்றார். "அன்னைக்கு இங்க வந்ததும் மொதல்ல ஊசி கேட்டுச்சு. பாதத்துலேர்ந்து முழங்கால் வரைக்கும் முள்ளு கிழிச்சிருந்துது. ரத்தம். உக்காந்து ஒவ்வொரு முள்ளா எடுத்துச்சு. புதுசா போட்ட பாதையில ஏதும்மா அவ்வளவு முள்ளு?"

"ஓரத்துல இன்னும் வெட்டி முடிக்கலைண்ணே" என்றேன்.

அவர் நம்பினார்.